பொட்டு வைத்த ரோபோ கை

ஈப்போ வாழ் லோகேஸ்வரன் மாமா அவர்களின் சமூகத்துக்கு, டத்தோ கிராமாட்டிலிருந்து உங்கள் தங்கை மகன் ஹரீஷ், வயது பதினேழு, பணிவு கொஞ்சம் குறைவு, எழுதிக்கொண்டது. இங்கு எல்லோரும் நலம். அங்கு நலமா என்று அம்மா கேட்கச் சொன்னார், கேட்டுவிட்டேன்.

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், நேற்று முற்பகல் மாக் மண்டினில், அப்பாவின் பட்டறையில், ஒரு கை அசைந்தது.

சிரிக்காதீர்கள். மூடிய தொழிற்சாலையிலிருந்து நீங்கள் வாங்கிவந்து அங்கே இறக்கிய ரோபோ கைதான். "இவன் வாய் அசையற அளவுக்கு அது அசையாது லா. ஆயுத பூஜைக்குள்ள பாரு, இல்லாட்டி பழைய இரும்புக்குப் போட்டுருவேன்" என்றீர்களே! கையை இயக்கும் பெட்டிக்கு உயிர் இருந்தது மாமா, புத்திதான் போயிருந்தது. அதை என் மடிக்கணினியிலிருந்து ஊட்டினேன். யார் யாரோ எழுதி, யாரும் எடுத்துத் திருத்தலாம் என்று திறந்துவைத்திருக்கும் மென்பொருள். கை எங்கே போகவேண்டும் என்று சொன்னால், ஆறு மூட்டும் எப்படி மடங்கவேண்டும் என்று அதுவே கணக்குப் போடும். மேலே ஒரு கேமரா. குறுக்கே ஆள் வந்தால் கை நின்றுவிடும். முதலில் திரையில் ஓட்டிப் பார்த்தபோது, கை மேசைக்குள் புகுந்து மறுபக்கம் வந்தது. மேசை இருப்பதை நான் சொல்லவில்லை. சொல்லாததெல்லாம் அதற்கு இல்லவே இல்லை. கொஞ்சம் உறுத்தியது, பிறகு மறந்துவிட்டேன்.

சுப்பையா அண்ணனின் ஆள்காட்டி விரலில் பாதி பிரஸ் மெஷினுக்குப் போனது உங்களுக்குத் தெரியும். இனி அவர் தகட்டை எடுத்துக் கொடுத்தால் போதும், மெஷினுக்குள் வைப்பது இந்தக் கை. அப்பாவின் ஆசை அதுதான்.

நேற்று பூஜையில் சுத்தியல் முதல் பிரஸ் வரை சந்தனம், குங்குமம். கைக்கு மாலையும் போட்டோம். பட்டறையில் பெட்டி கட்டும் ரமணி அக்கா, "மாப்பிள்ளை மாதிரியே இருக்கு. பொண்ணு எங்கடா?" என்றார்.

"தேடிக்கிட்டிருக்கோம்க்கா. கை நிறைய சம்பாதிக்கும், வாயே திறக்காது."

சுப்பையா அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. "தம்பி, நான் குறுக்க வந்தா?"

"நின்னுரும்ணே."

"மிச்சத்தை எண்ணி வச்சிருக்கேன் லா" என்றபடி கையை நீட்டினார். நான் மடிக்கணினியில் ஓடவிட்டதும் ரோபோ கை விர்ரென்று வந்தது. ஒரு சாண் தூரத்தில் நின்றது! பட்டறையே கைதட்டியது. அப்பா அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "திங்கக்கிழமைலேருந்து சுப்பையா இதோட நிக்கட்டும்" என்றார். என்னை நம்பி அவர் ஒரு முடிவு எடுத்தது அதுதான் முதல் முறை.

ஆகவே, உங்கள் இரும்புக் கடைக்காரருக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள். அத்தைக்கு வணக்கம். உங்கள் மகள் காமினிக்கு ஆட்டோகிராப் பிறகு அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
மாக் மண்டினின் மூளை,
ஹரீஷ்

பி.கு.: மாமா, கையை நிறுத்தியது நானும் இல்லை, மென்பொருளும் இல்லை. ரமணி அக்கா. அவசரத்துக்கு வைத்திருந்த சிவப்புப் பொத்தானை அடித்துவிட்டு, கூட்டத்தோடு அவரும் கைதட்டினார். பிறகு என்னைத் தனியாக இழுத்துப்போய், "கேமராவைப் பாருடா" என்றார். எல்லோரும் சிரிக்கட்டும் என்று கேமராவின் கண்ணிலேயே சந்தனத்தை அப்பிப் பொட்டு வைத்தவன் நான்தான். ஒன்றும் தெரியாததால், ஒருவருமே இல்லை என்று முடிவுகட்டி அது தைரியமாகப் போயிருக்கிறது. தெரியாவிட்டால் நில் என்று நான் எழுதவே இல்லை. சந்தனத்தைத் துடைத்துவிட்டேன், அந்த ஒரு சாண் தூரம்தான் கண்ணைவிட்டுப் போகவில்லை. திங்கள் நாளை மறுநாள். இன்றைக்கே அப்பாவிடம் சொல்லப்போகிறேன். இதைப் படம் எடுத்து வாட்சப்பில் அனுப்புகிறேன். பார்த்ததும் கூப்பிடுங்கள், நான் அப்பாவிடம் சொல்லி முடிக்கும்வரை போனை வைத்துவிடாதீர்கள். "மூளை" என்பதை அடித்துவிட்டுப் படிக்கவும்.