டேப்பு அண்ணாவின் குட்டைப் பனை

பனைமரங்களுக்கு ஜாதகம் எழுதி வைத்திருந்த, உலகத்தின் ஒரே மனிதரோடு ஒன்பது வருஷம் குப்பை கொட்டியவன் நான். மணலி புதுநகர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டு. நான் பில் போடும் கிளார்க். அவர் லாரி எடை மேடை ஆபரேட்டர். சட்டைப் பையில் எந்நேரமும் அளவு டேப் இருந்ததால் அவர் பேரே டேப்பு என்றாகிவிட்டது.

காட்டுப்பள்ளி ரோட்டில் நிற்கிற பனையெல்லாம் அவர் நோட்டில் இருந்தது. என்ன உயரம், குலைக்கு எத்தனை காய், காய்க்கு எத்தனை கண், தோல் கறுப்பா சிவப்பா. பெண் பார்க்கப் போகிறவன்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டான். ஒருநாள் ஒரு குலையை லாரி எடை மேடையில் வைத்துவிட்டு, "பூஜ்யம் காட்டுகிறது, மெஷின் பழுது" என்று புகார் எழுதிக் கொடுத்தாரே, மேனேஜர் அழாத குறை.

"இன்னாத்துக்குணா இந்தப் பேஜாரு?" என்று கேட்டால் போச்சு.

"எல்லாப் பனையும் ஒண்ணுன்னு நெனச்சிக்கினு கீறியா? ஒவ்வொண்ணும் ஒரு ரகம் நைனா. நல்லதாப் பாத்து வெதை எடுத்தா, மரம் ஏறாம நின்னுக்கினே பறிக்கலாம்."

"எப்போ?"

"பன்னண்டு, பதினஞ்சு வருசம் ஆவும். அதுவும் பொம்பள மரமாப் பொறந்தா."

அவருக்கு அப்போதே ஐம்பத்தெட்டு. நாங்கள் சிரித்து முடிப்பதற்குள் டீ ஆறிப்போகும்.

அவர் தேடிய மரம் யார்டு மதிலுக்குப் பின்னாலேயே நின்றது. குட்டைப் பனை, லாரி கேபின் மேல் நின்றால் குலை கைக்கு எட்டும். ஆனால் விதை வேண்டுமென்றால் காய் மரத்திலேயே பழுக்க வேண்டுமே! கைக்கு எட்டுகிற நுங்கை மே மாசத்தில் எவன் விட்டுவைப்பான்? வருஷா வருஷம் டிரைவர்கள் மரத்தை மொட்டையடித்தார்கள். அவர்கள் தின்று எறிந்த காய்களைப் பொறுக்கி, கண்களை எண்ணி எழுதிக்கொள்வார் டேப்பு. எல்லாமே மூன்று கண், ஒன்றுகூடச் சூம்பல் இல்லையாம்.

கடைசியில் ஒரு குலைக்குப் பச்சைப் புடவையைச் சுற்றிக் கட்டி, "இது ஒண்ண மட்டும் உட்டுடுங்கப்பா, வெதைக்கு" என்று எல்லோரிடமும் கெஞ்சினார்.

அவர் லீவு போட்ட ஒரு மத்தியானம் அதையும் வெட்டித் தின்றோம். தின்றோம் என்று மற்றவர்களை ஏன் இழுக்கிறேன்? வெட்டியது நான். மறுநாள், "எவனோ லாரிக்காரன்ணா" என்று வாய் கூசாமல் சொன்னேன். அவர் அடுத்த வருஷத்துக்கு இன்னொரு புடவை எடுத்து வைத்தார்.

அடுத்த வருஷம் பாளை விடும் முன்பே, லாரி நிறுத்த இடம் வேண்டுமென்று மரத்தைச் சாய்த்துவிட்டார்கள். விழுந்து கிடந்ததை அடி முதல் நுனி வரை டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தார் அவர். எனக்குத் தாங்கவில்லை.

"அண்ணா, அந்தக் குலைய வெட்டினது நான்தாண்ணா. துன்னுட்டேன்."

அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் நோட்டைத் திறந்தார். அந்த மரத்துக்கு 'ருசி' என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

"வெதைக்காவ உட்டு உட்டு, நான் ஒரு நுங்குகூட வாய்ல வெக்கல நைனா. சொல்லு, எப்டி இருந்துச்சு?"

"செம இனிப்புணா" என்றேன். முகமெல்லாம் சிரிப்பாக எழுதிக்கொண்டார், பாவி மனுஷன்.

இப்போது எங்கே நுங்கு தின்றாலும் அவருக்கு போன் போட்டு ருசி சொல்கிறேன். எந்த மரத்துக் காய் என்று கேட்காமல் தின்றதற்கு அவர் திட்டுவார். அந்தத் திட்டை வாங்காவிட்டால் எனக்கு அன்றைக்கு நுங்கு தின்ற மாதிரியே இல்லை.