பதினேழு ஒடுக்கு

“யாரு இது மேல ஏறி நின்னது?”

திங்கட்கிழமை காலை ஆறே முக்கால் மணிக்கு வீடு அதிரும்படி கத்தினார் ஒடுக்கு சார்.

கூடத்தின் நடுவில் இரண்டு நாற்காலிகளுக்குக் குறுக்கே அவருடைய புத்தம் புதிய சர்ஃப் போர்டு கிடந்தது. வெள்ளைப் பலகை, விளிம்பைச் சுற்றி நீலக் கோடு. வாங்கி ஐந்து நாள்தான் ஆகிறது. கடலில் இறக்கியது நேற்று ஒரே ஒரு தடவை. ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தவர், ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழுந்தபோது பார்த்துவிட்டார். மேல்பக்கம் முழுக்கக் குட்டிக் குட்டிப் பள்ளம். விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். பதினேழு.

கார் இன்சூரன்ஸ் கம்பெனியில் அவர் சர்வேயர். அடிபட்ட வண்டியைப் பார்த்து, எது எதில் எப்படி இடித்தது என்று எழுதிக் கொடுப்பதுதான் இருபத்திரண்டு வருஷமாக அவர் வேலை. தூணில் இடித்துவிட்டு லாரி மேல் பழி போடுகிறவர்களை, ஒடுக்கைத் தடவிப் பார்த்தே பிடித்துவிடுவார். ஆபீஸில் அந்தப் பெயர் வந்ததும் அதனால்தான். அப்படிப்பட்டவர் வீட்டிலேயே, அவர் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில், ஒருத்தர் இப்படிச் செய்திருக்கிறார் என்றால் எத்தனை நெஞ்சழுத்தம்!

மனைவி கரண்டியும் கையுமாகச் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“நீங்கதானே நின்னீங்க? மூணு தடவை எந்திரிச்சு நின்னேன், அலை அப்படியே தூக்கிட்டுப் போச்சுன்னு நேத்து ஃபோன் போட்டு ஊருக்கெல்லாம் சொன்னீங்களே.”

ஒடுக்கு சார் குனிந்து, துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார். அடுத்த கணம் குரல் இரண்டு மடங்கானது.

“நான் நின்னா இப்படி விழாது! இது தெரியாத கால். முரட்டுக் கால்.”

‘முரட்டுக் கால்’ என்று சொன்னபோது அவர் பார்வை சோபாவுக்குப் போனது. அங்கே மனைவியின் தம்பி டீ குடித்துக்கொண்டிருந்தான். லிஃப்ட் மெக்கானிக். அவன் வீட்டில் பெயின்ட் அடிப்பதால் பத்து நாளாக இங்கேதான் ஜாகை.

“என்னை ஏன் அத்தான் பாக்கறீங்க?”

“காலைக் காட்டு.”

“எதுக்கு?”

“காட்டுடான்னா!”

தரையில் செய்தித்தாளை விரித்து, வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். மச்சான், மனைவி, பதினொன்றாவது படிக்கும் மகள் மூவரும் காலை நனைத்துத் தாளில் வைக்க வேண்டும் என்பது உத்தரவு. மகளுக்குப் பள்ளிக்கூட வேன் வருகிற நேரம். அவள் ஒரு காலில் சாக்ஸோடு வந்து, மறு காலை நனைத்துவிட்டு ஓடினாள். மனைவி கரண்டியால் அடுப்பைக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். மச்சானின் குதிகாலைத்தான் டேப் வைத்து அளந்தார்.

“ரெண்டரை அங்குலம். பள்ளமும் ரெண்டரை அங்குலம். இதுக்கு என்ன சொல்ற?”

“ஊர்ல பாதிப் பேருக்கு ரெண்டரை அங்குலம்தான் இருக்கும் அத்தான். உங்க காலையும் அளங்க.”

“என் வீட்டுல உக்காந்துக்கிட்டு என் காலை அளக்கச் சொல்றியா?”

பத்தாவது நிமிஷம் மச்சான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான். மனைவி தடுத்துப் பார்த்தாள், முடியவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்தவள் கணவரைப் பார்த்து ஒன்றுமே சொல்லவில்லை. அன்று சாயங்காலமும் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. சாப்பாடு மட்டும் மேஜை மேல் டங்கென்று வந்து உட்கார்ந்தது.

செவ்வாய்க்கிழமை ஒடுக்கு சார் தொழில் வித்தையை எடுத்தார். பிளாஸ்டிக் பம்பரில் ஒடுக்கு விழுந்தால் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, உடனே ஐஸ் வைத்தால் டப்பென்று மேலே வந்துவிடும். எத்தனை மெக்கானிக்குகள் செய்து பார்த்திருக்கிறார்! இரண்டு கெட்டில் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஊற்றினார்.

பள்ளம் அசையவில்லை. கால் வழுக்காமல் இருக்கப் பலகையில் பூசியிருந்த மெழுகுதான் உருகியது. அது நாற்காலி மெத்தையில் வழிந்து, தரையில் இறங்கி, கூடம் முழுக்கப் பரவியது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்த மகள் அதில் கால் வைத்து, கதவிலிருந்து சோபா வரை ஒரே வழுக்காக வழுக்கிப் போய் விழுந்தாள்.

“அடிபட்டுச்சா?” என்று அம்மா ஓடி வந்தாள்.

“பாத்து வரக் கூடாதா? மெழுகு இன்னும் காயவே இல்ல!” என்று அப்பா கத்தினார்.

மெழுகு போனதில் ஒரு லாபம், பள்ளங்கள் இன்னும் பளிச்சென்று தெரிந்தன. இப்போது எண்ணினால் இருபத்து மூன்று.

“இந்த வீட்டுல ஒரு பொருளை நிம்மதியா வெச்சுக்க முடியுதா? சோறு போடறவனுக்கு இங்க மரியாதை இருக்கா? சொல்லுங்க, யாரு நின்னது? சொல்ற வரைக்கும் நான் விடப்போறதில்ல!”

விடவும் இல்லை. சாப்பாட்டு மேஜையில் கேட்டார். குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டார். புதன்கிழமை காலை மகள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்தாள்.

“நான்தாம்பா. ஞாயித்துக்கிழமை நீங்க தூங்கறப்ப ஏறி நின்னு போட்டோ எடுத்தேன். போதுமா?”

ஒடுக்கு சாருக்கு வழக்கை முடித்த திருப்தி அரை நிமிஷம் இருந்தது. அப்புறம் மறுபடியும் பொங்கியது.

“இத்தனை நாள் வாயைத் திறந்தியா நீ? உன் மாமன் கோச்சுக்கிட்டுப் போனானே, அப்பவாவது சொன்னியா? வர்ற வாரம் நீச்சல் செலக்‌ஷன்னு குதிச்சுக்கிட்டு இருந்தியே, அது கிடையாது. வீட்டுலயே உக்காரு!”

 மகள் நீச்சல் கண்ணாடியை அலமாரியில் வைத்துச் சாத்திவிட்டுப் போனாள். ஒரு வருஷமாக விடியற்காலையில் எழுந்து பயிற்சிக்குப் போன பெண். அதைப் பார்த்த மனைவி இரண்டு நாள் மௌனத்தைக் கலைத்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்.

“அந்தப் பலகைக்கே பொண்ணா அவளைத் தத்துக் குடுத்துடுங்க.”

அன்று ராத்திரி பாதிச் சாப்பாட்டைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தார். ஆனால் கோபம் மட்டும் குறையவில்லை. பலகையைச் சரிசெய்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றியது. வியாழக்கிழமை லீவு போட்டு, துண்டை விரித்து, அதன் மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்துத் தேய்த்தார். ஒரு பள்ளம் மெல்ல எழும்புவது தெரிந்தது. உற்சாகத்தில் சூட்டைக் கூட்டினார். எழும்பியது நிற்கவில்லை. பூரித்துக்கொண்டே போய், தட்டு அகலத்துக்கு ஒரு கொப்புளமாக நின்றது. அழுத்தினால் உள்ளே போனது, விட்டால் வெளியே வந்தது.

வெள்ளிக்கிழமை, தெரிந்த கார் மெக்கானிக்கிடமிருந்து ஒடுக்கு எடுக்கிற ரப்பர் கப் வாங்கி வந்தார். அதைக் கொப்புளத்துக்குப் பக்கத்தில் ஒட்ட வைத்து, பலகை மேல் ஒரு காலை ஊன்றி, பல்லைக் கடித்து இழுத்தார். ‘படார்’ என்று சத்தம் கேட்டது. ஒடுக்கு சார் சோபாவில் மல்லாந்து கிடந்தார். கையில் ரப்பர் கப் இருந்தது. கப்பில் உள்ளங்கை அளவுக்குப் பலகையின் தோல் இருந்தது.

“போர்டு செஞ்ச அந்தத் திருட்டுப் பய, தாள்ல செஞ்சு குடுத்திருக்கான்!” என்றார் கூரையைப் பார்த்து.

ஞாயிற்றுக்கிழமை காலை பலகையைக் காரின் மேல் கட்டினார். “நீங்க ரெண்டு பேரும் சாட்சிக்கு வாங்க” என்று மனைவியையும் மகளையும் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டு, பலகை செய்கிறவரின் பட்டறைக்குப் போனார். உள்ளே எல்லாவற்றின் மேலும் வெள்ளைத் தூள் படிந்திருந்தது. பலகைக்காரர் முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, அவர் கத்தி முடிக்கும் வரை பொறுமையாகக் கேட்டார்.

“சார், உள்ள இருக்கறது நுரைக் கட்டை. மேல ஃபைபர் தோல், மெல்லிசுதான். புது போர்டுல கால் அழுத்தற இடமெல்லாம் அமுங்கத்தான் செய்யும். போகப் போக எல்லா இடமும் ஒரே மாதிரி அமுங்கி நின்னுடும். புதுச் செருப்பு கால் வாகுக்கு வர்ற மாதிரி. தோல் உடையாம, தண்ணி உள்ள போகாம இருந்தா கவலையே இல்ல.”

“அமுங்காத மாதிரி செய்ய முடியாதா உனக்கு?”

“செய்யலாம். தோலைக் கனமாப் போடணும். அப்புறம் அதைத் தூக்கிட்டுப் போக நாலு பேர் வேணும்.” குனிந்து பலகையைப் பார்த்தவர் திடுக்கிட்டார். “பள்ளம் கிடக்கட்டும். இந்தக் கொப்புளம், இந்த ஓட்டை... இது எந்தப் பாவி பண்ணினது?”

“சர்வேயர்” என்றாள் மனைவி.

ஒடுக்கு சாரின் காது மடல் சிவந்தது. “பேச்சை மாத்தாத! பள்ளத்துக்குப் பதில் சொல்லு!”

“நீங்க ஏறி நின்னீங்க, விழுந்துச்சு. அவ்வளவுதான் சார்.”

“நான் நிக்கவே இல்லய்யா!”

 மூலையில் தேய்ப்பு மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தவர்கூட அதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

“மூணு தடவைன்னு சொன்னீங்களேப்பா?” என்றாள் மகள்.

“ஒரு தடவைகூட இல்ல! ஏறிப் படுத்தேன், உருண்டேன். உப்புத்தண்ணி குடிச்சேன். எல்லாரும் போர்டு வைக்கற கடற்கரைக் கொட்டகையில அதைச் சாய்ச்சிட்டுப் பின்னாடி போய் வாந்தி எடுத்தேன். வந்து தூக்கிக்கிட்டு, எவன் முகத்தையும் பாக்காம வீட்டுக்கு வந்தேன். போதுமா? நிம்மதியா?”

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

மகள் மெதுவாகச் சொன்னாள். “நானும் நிக்கலப்பா.”

“என்னது?”

“நீங்க கத்தறது நின்னா போதும்னு சொன்னேன்.”

ஒடுக்கு சார் வாயைத் திறந்தார். ஒரு வாரத்தில் முதல் தடவையாகச் சத்தம் வரவில்லை. மகளைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். மனைவி சுவரைப் பார்த்தாள்.

பலகைக்காரர் தலையைச் சொறிந்தார். “நீங்களும் நிக்கல, பாப்பாவும் நிக்கல. இத்தனை பள்ளம் வீட்டுக்குள்ள ஒரு நாள்ல விழவும் விழாது. அப்ப இது யாரு காலு?”

அந்த நேரத்தில் வாசல் பக்கம் நிழல் ஆடியது. ஆஸ்பத்திரி நர்ஸ் உடுப்பில் ஒரு பெண், மூச்சு வாங்க உள்ளே வந்தாள். கையிடுக்கில் வெள்ளைப் பலகை, விளிம்பில் நீலக் கோடு, முகம் பார்க்கலாம் போலப் பளபளவென்று.

“அண்ணே, போன ஞாயித்துக்கிழமை இதைக் கொட்டகையில சாய்ச்சு வெச்சிட்டு டியூட்டிக்கு ஓடினேன், இன்னிக்கு வந்து எடுத்துப் பாத்தா, ரெண்டு மாசமா நான் நின்னு நின்னு போட்ட பள்ளத்துல ஒண்ணைக்கூடக் காணோம், இதெல்லாம் தானாவே சரியாயிடுமாண்ணே?”