ராக்கியை ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து அழைத்துப் போகவும்

பெருங்களத்தூர்

அன்புள்ள மைத்துனர் சிவகுமாருக்கு,

அத்தான் அச்சுதன் ஆசிகளுடன் எழுதுவது. நீயும் சந்திரிகாவும் குழந்தைகளும் ஓசூரில் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும். நாங்கள் இங்கே சௌக்கியமா இல்லையா என்பதைப் படித்து முடித்தபின் நீயே முடிவு செய்துகொள். போனில் பேசலாம்தான், உன் அக்கா காதில் விழும். நாயைப் பற்றி அரை வார்த்தை சொன்னாலும் ஹேமாவதிக்கு முகம் தொங்கிவிடுகிறது. அதனால்தான் கடிதம்.

அவளுக்கு முட்டி ஆபரேஷன் ஆனதும் துணைக்கு இருக்கட்டும் என்று நீ ராக்கியைக் கொண்டுவந்து விட்டாய். நல்ல எண்ணம்தான், நான் குறை சொல்லவில்லை. வாக்கர் இல்லாமல் ஓர் அடி வைக்கக்கூடாது, ஒரு தடவை விழுந்தாலும் மறுபடி முதலிலிருந்து ஆபரேஷன் என்று டாக்டர் சொன்னதை நீயும் கேட்டாய். பிசியோதெரபிக்கு வரும் கெசியா அவள் காலை மடக்கினால் இவள் போடும் சத்தம் எனக்குத் தாங்காது. அந்தப் பெண் வந்ததும் நான் காய்கறிப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். சமையல், காபி, துணி எல்லாம் நான்தான். சும்மா தின்றுவிட்டுத் தூங்குகிற நாயை ஏன் வேலைக்கு வைக்கக்கூடாது என்று தோன்றியது. மறைமலை நகர் கம்பெனியில் காலமெல்லாம் ஸ்டோர்ஸ் பார்த்தவன் நான். எந்தச் சாமான் எங்கே என்று பழக்கிவிட்டால் நாயென்ன, மனுஷனென்ன? பேரைச் சொல்லிக் காட்டுவது, கொண்டுவந்தால் ஒரு மேரி பிஸ்கட். எல்லாம் இங்கிலீஷில்தான். நாயிடம் தமிழில் பேசினால் அதற்குப் புரியாது என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். "ராக்கி, பிரிங் டவல்" என்றால் செருப்பு வரும். "பிரிங் செருப்பு" என்றால் முருங்கைக்காய் வரும். ஆனாலும் ஏதோ ஒன்று வருகிறதே என்று நம்பிக்கையோடு இருந்தேன்.

நேற்றுக் காலையில்தான் அது நடந்தது. ஹேமா தூங்கிக்கொண்டிருந்தாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு, பொங்குவதற்குள் வந்துவிடலாமென்று பாத்ரூமுக்குள் போனேன். உள் தாழ்ப்பாள் உடைந்து ரொம்ப நாளாகிறது, கதவைச் சாத்தி மட்டும் வைப்பேன். திடீரென்று வெளித் தாழ்ப்பாள் டக்கென்று விழுந்தது. இந்த நாய்தான், வேறு யார்? வீட்டில் நடமாடுகிற ஜீவன் நானும் அதுவும்தானே! அடுப்பில் பால், கையில் போன் இல்லை. கத்தலாமென்றால் ஹேமா பதறியடித்து வாக்கரை விட்டுவிட்டு ஓடி வருவாள், வந்தால் விழுவாள், விழுந்தால் கதை முடிந்தது. 

அந்த பிவிசி கதவு அடியில் ஒரு சாண் பிய்ந்திருக்குமே, நீ பார்த்திருப்பாய், அதன் வழியாக வாயை வைத்துக் குசுகுசுவென்று "ராக்கி! பிரிங் மொபைல்!" என்றேன். போன் வந்துவிட்டால் எதிர் வீட்டுக் கோகிலவாணி அம்மாவைக் கூப்பிடலாம், அவங்ககிட்டதான் மாற்றுச் சாவி இருக்கு. முதலில் வந்தது செருப்பு, அதுவும் இடது கால். அடுத்தது டிவி ரிமோட். பிஸ்கட்டுக்காக மூக்கை உள்ளே நீட்டிக்கொண்டு நிற்கிறது. பாத்ரூமில் பிஸ்கட்டுக்கு நான் எங்கே போவேன்? கோபித்துக்கொண்டு ரிமோட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டது! "ப்ளீஸ் ராக்கி" என்றேன். மேனேஜரிடம்கூட ப்ளீஸ் சொல்லாதவன், நாய்கிட்ட சொன்னேன் மாப்பிள்ளை!

அப்புறம் தரையில் ஏதோ இழுபடுகிற மாதிரி சத்தம். குனிந்து பார்த்தால் ரப்பர் போட்ட காலு ரெண்டு. ஹேமாவோட வாக்கர்! அதுமேல காயப்போட்டிருந்த துண்டைக் கவ்வி இழுத்துக்கிட்டே வந்துடுச்சு! அதே நேரம் கட்டில் கிறீச்சுன்னு சத்தம். அவ எழுந்துக்கறா. வாக்கர் இங்க நிக்குது. எனக்கு உசிரே போயிடுச்சு. "ஹேமா! எழுந்திருக்காதே! வாக்கர் அங்க இல்லை!" என்று கதறினேன்.

"ஏன் இப்படிக் கத்துறீங்க? ராக்கி, கண்ணு, அதை இங்க இழுத்துட்டு வாடா" என்றாள், தமிழில். பிஸ்கட் கேட்காமல், மறுபேச்சில்லாமல் போனது அந்தத் துரோகி. டொக் டொக்கென்று வாக்கர் சத்தம் கிட்டே வந்து, தாழ்ப்பாள் திறக்கும்வரை நான் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து அழுதேன். உன்னிடம் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

ஓடிப்போய்ப் பார்த்தால் அடுப்பு அணைந்திருக்கிறது, பாலை இறக்கித் தட்டு போட்டு மூடியும் இருக்கிறது. "ராக்கிதான் செஞ்சிருப்பான்" என்கிறாள் உன் அக்கா. இருக்கலாம். புத்தி இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் என்னைப் பூட்டி, அவள் வாக்கரையும் இழுத்துப்போன நாயை நம்பி இனி நான் கண்மூட முடியாது. அவள் ஒருத்திதான் எனக்கு. வண்டலூர் ஜூவில் விடலாமென்றால் அங்கே கூண்டுச் சாவியை எல்லாம் பொறுக்கிக்கொண்டு வந்துவிடும். ஆகவே ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து அழைத்துப் போகவும். குழந்தைகள் தீர்க்காயுசாக இருக்கட்டும்.

உன் அத்தான்,
அச்சுதன்

பி.கு.: தம்பி, இதை அக்கா எழுதறேன். அவர் தலையணைக்கு அடியில் ஒளிச்சு வெச்ச கடுதாசியை ராக்கி தானாவே கொண்டுவந்து கொடுத்தான். நீ வராதே. தாழ்ப்பாள் போட்டது நான். வாக்கர் வேண்டாம், நல்லா நடக்கலாம்னு கெசியா சொல்லிப் பத்து நாளாச்சு. பால் பொங்கற சத்தம் கேட்டு எழுந்துபோய் அணைச்சேன். அவர் மோட்டார் போடக் கீழே போயிருக்கார்னு நினைச்சு, ராக்கி வாளியில வாய் வைக்காம இருக்க வழக்கம்போல பாத்ரூமைத் தாழ் போட்டேன். உள்ளே இருந்து இங்கிலீஷ் கேட்டதும் ஓடிவந்து படுத்துட்டேன். கல்யாணமான நாளா இப்பதான்டா இவர் கையால காபி குடிக்கறேன். இன்னும் ஒரு மாசம் போகட்டும், நானே சொல்லிக்கறேன். அவர் பால் வாங்கப் போயிருக்கார். அதுக்குள்ள நானும் ராக்கியும் தெருமுனைத் தபால்பெட்டி வரைக்கும் நடந்துபோய் இதைப் போட்டுட்டு வந்து படுத்துக்கணும்.