கண்ணுக்குத் தெரியாத அஞ்சலி

அழகுணர்ச்சி மிக்கவர்கள் சாவு வீட்டில் இருந்தால், அவர்களைப் பந்தல் போடுவதற்கோ வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பதற்கோ அனுப்பிவிடுவது நல்லது. இறந்தவரின் படத்தையும் பெயரையும் மட்டும் அவர்களிடம் ஒப்படைக்கக் கூடாது. இதை நான் யாரிடமும் கேட்டறியவில்லை. என் தந்தை மறைந்த அன்று ஊரறிய நானே நிகழ்த்திக் காட்டினேன். (சரியாகச் சொன்னால், ஊர் அறியாதபடி. சிக்கலே அதுதானே!)

அப்போது நான் கோயம்புத்தூரில் இணையதளங்களை வடிவமைக்கும் வேலையில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். அதற்கென ஒரு வகுப்பில் சில மாதங்கள் பயின்றும் இருந்தேன். ஒரு பக்கத்தில் எதைப் பெரிதாக்க வேண்டும், எதை அடக்கி வைக்க வேண்டும், எந்த வண்ணத்துக்கு அருகில் எந்த வண்ணம் எடுபடும், சமநிலை என்பது என்ன, ஒருமை என்பது என்ன என்பனவெல்லாம் எனக்குத் தெரிந்துவிட்டதாக மனமார நம்பிய காலம் அது. இவற்றுள் எனக்கு உயிராக இருந்தது வெற்றிடம். ஒன்றும் இல்லாத இடந்தான் கண்ணுக்கு இளைப்பாறுதல் தருகிறது. இருக்கும் பொருளுக்கு மதிப்பைக் கூட்டுகிறது. இதைக் கற்ற நாள் முதல், எதைக் கண்டாலும் அதிலிருந்து எதை நீக்கலாம் என்றே என் கை துறுதுறுக்கும். அம்மா போட்ட மார்கழிக் கோலத்தைப் பார்த்து, "நடுவுல இந்தப் பூசணிப்பூ வேணுமாம்மா?" என்று கேட்டு, வாசல் தெளித்த மிச்சத் தண்ணீரை என் தலையில் வாங்கியிருக்கிறேன்.

நான் விடுமுறைக்கு, பாலக்காட்டு எல்லையோரம் இருக்கும் எங்கள் ஊரான பெருமாட்டிக்கு வந்திருந்த ஒரு கோடை விடியலில், தென்னந்தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சப் போன அப்பா மோட்டார் அறை வாசலில் விழுந்தார். மருத்துவமனைக்குக் கொண்டு சேர்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் இறப்பை ஊருக்குச் சொல்வது பிளெக்ஸ் பலகைதான். உடல் வீட்டுக்கு வந்து சேருமுன்பே இறந்தவரின் படம் கூட்டுரோட்டில் ஏறிவிடும். அதே படம் கைப்பேசிகளிலும் பரவும். போகிறவரும் வருகிறவரும் நின்று பார்த்து, எடுக்கும் நேரத்தைத் தெரிந்துகொண்டு, கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு வந்துவிடுவார்கள். இப்படி ஒரு வசதி வந்தபின், ஒவ்வொருவரையும் தனித்தனியே அழைத்துச் சொல்லும் பழக்கம் பெரும்பாலும் நின்றுபோயிற்று.

"அம்மிணி, பிளெக்ஸை நீயே பண்ணிப்போடு," என்றான் என் அண்ணன் பாலு. அவன் கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. "படிச்சவ ஊட்டுலயே இருக்கறப்ப வெளிய எதுக்குக் குடுக்கோணும்? காதர் மாமா கடைக்கு எதுத்தாப்புலயே கட்டச் சொல்லிட்டன். அவருக்குத் தனியா வேற போன் பண்ணோணுமா என்ன? கண்ணத் தொறந்தா தெரியப்போகுது."

காதர் மாமா கோபாலபுரத்துத் தேங்காய் வியாபாரி. அவரும் அப்பாவும் இளமையில் ஒரே லாரியில் தேங்காய் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனவர்கள். நாளுக்கு ஒருமுறையாவது ஒருவரை ஒருவர் வைதுகொள்ளாவிட்டால் இருவருக்கும் சோறு இறங்காது. அப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்த்தே தீர வேண்டியவர்களில் எங்களுக்கு அடுத்தபடி அவர்தான். மாலை நான்கு மணிக்கு எடுப்பதாக முடிவாயிற்று.

நான் மடிக்கணினியோடு உள்ளறையில் அமர்ந்தேன். வெளியே அழுகுரல் கூடிக்கொண்டே போக, நான் படத்தின் விளிம்புகளைச் சீராக்கிக்கொண்டிருந்தேன். அந்தத் திரைக்குள் இருக்கும்வரை அப்பா ஒரு படம் மட்டுமே. அவரை நகர்த்தலாம், சிறிதாக்கலாம். செய்தது பிடிக்கவில்லையென்றால் ஒரு விசையை அழுத்திப் பழையபடியே திரும்பக் கொண்டுவந்துவிடலாம். அதனால்தானோ என்னவோ, அந்த அறையை விட்டு எழுந்துவர எனக்கு மனமில்லை.

முடிந்தபோது அது எப்படி இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பலகை முழுவதும் வெண்மை. இடப்புறக் கீழ்மூலையில், கையகலத்தில், நிறமில்லாத அப்பா. மேலே மெல்லிய இளஞ்சாம்பல் எழுத்தில் அவர் பெயரும் நேரமும். வழக்கமாக அடியில் வரும் உற்றார் உறவினர் பெயர்களை நெரிசல் என்று நீக்கிவிட்டேன். இரண்டு எழுத்து முறைகள் ஒருமையைக் குலைக்கும் என்று மலையாளத்தையும் விட்டுவிட்டேன். (பாலக்காட்டு மாவட்டத்தில் இருந்துகொண்டு! பஞ்சாயத்து மெம்பருக்கே தமிழ் படிக்க வராது.)

அண்ணன் வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றான்.

"அப்பன் எங்க பாக்கறாரு?"

"அந்தப் பக்கம் இடம் விட்டிருக்குதில்ல, அங்கீங்கண்ணா."

"அங்க என்ன இருக்குது?"

"ஒண்ணுமில்ல. அப்பா போனதுக்கப்பறம் நமக்கு ஒண்ணுமில்லைன்னு அர்த்தம்."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். என் கலைக்குக் கிடைத்த முதல் கண்ணீர் என்று அதை எடுத்துக்கொண்டேன். ஆனால் அம்மாவின் அண்ணனான பொன்னுச்சாமி மாமா அவ்வளவு எளிதில் கலங்குகிறவர் அல்லர்.

"எம்பேரு எங்க?"

"பேரெல்லாம் போட்டா நெரிசலாயிருமுங்க மாமா."

"தாய்மாமன் நெரிசலா? உங்கண்ணாலத்துக்குச் சீர் கொண்டாரப்ப நெரிசலா இருக்குதுன்னு சொல்லு பாப்போம்."

அச்சுக்கடைக்காரரோ தொலைபேசியில் அழைத்து, "மீதி டிசைன் எப்பங்க அனுப்புவீங்க?" என்று பணிவோடு கேட்டார். அவ்வளவுதான் என்றேன். "செரிங்க. மையி மிச்சம்," என்றார்.

நான்கு மணிக்கு எடுத்தார்கள். வழக்கமாக எங்கள் ஊர்ச் சாவுகளில் வண்டி நிறுத்த இடம் இருக்காது. அன்று வாசலுக்கு வரவழைத்த நாற்காலிகளில் பாதி, கொண்டுவந்து இறக்கியபடியே ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. அம்மா தலையை உயர்த்திப் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "காதரண்ணன் இன்னும் வரலியே," என்று மூன்று நான்கு முறை கேட்டாள். "வந்துருவாருங்கம்மா, கடைக்கு எதுத்தாப்புலதான் போர்டு," என்று அண்ணன் ஒவ்வொரு முறையும் சொன்னான். கடைசியில் பூசாரி அவசரப்படுத்தினார். அவரில்லாமலே அப்பாவைத் தூக்கினார்கள்.

மறுநாள் காலை காதர் மாமாவின் வண்டி வழக்கம்போல் வேலிப்படலைத் தாண்டி வந்து நின்றது. வழக்கம்போலவே இறங்கும் முன்பே குரல் வந்தது.

"ஏண்டா ராசு! நேத்துப் பூரா போன் எடுக்க மாட்டீங்கறே. காயி போட்டுவெச்சயா இல்ல, மாமனாரு ஊட்டு மாப்பிள்ளையாட்டம் கால நீட்டிப் படுத்துட்டயா? எந்திரிச்சு வாடா!"

அதுவரை ஓய்ந்திருந்த அம்மா, அந்தக் குரலைக் கேட்டதும் உள்ளேயிருந்து அலறினாள். காதர் மாமா நின்றுவிட்டார். வாசலுக்கு வந்த அண்ணனின் மழித்த தலையைப் பார்த்தார். அவர் கையில் அப்பாவுக்கென்று வாங்கிவந்த வெற்றிலைப் பொட்டலம் இருந்தது.

"ஆருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

கேட்டபோதே அவருக்குத் தெரிந்துவிட்டது. மோட்டார் அறையின் படியில் போய் அமர்ந்தார். நெடுநேரம் கழித்து, "ஒரு வார்த்தை சொல்ல மாட்டயாடா பாலு?" என்றார்.

"உங்க கடைக்கு எதுத்தாப்புலயே போர்டு கட்டுனமுங்க மாமா."

"எந்தப் போர்டு?" அவர் புருவம் சுருங்கியது. பிறகு மெல்ல விரிந்தது. "அந்த வெள்ளைப் போர்டா? அது நம்ம போர்டா?"

எஞ்சியதை அவரே சொன்னார். டீக்கடைத் தகரக் கூரைக்குப் பின்னால் கீழ்மூலை மறைந்துபோயிருக்கிறது. அப்பா அங்கேதான் இருந்தார். சித்திரை வெயிலில் மேலிருந்த சாம்பல் எழுத்து ஒன்றும் புலப்படவில்லை. யாரோ பிளெக்ஸைப் பின்பக்கம் முன்னாக மாற்றிக் கட்டிவிட்டார்கள் என்று ஆட்டோக்காரர்களுக்கு இரக்கம் பிறந்திருக்கிறது. அவிழ்த்து, முறையாகத் திருப்பிக் கட்டிவிட்டார்கள். அதன்பின் அது உண்மையாகவே வெறும் பலகை.

"ஆட்டோக்காரன் ஏறிக் கட்டறப்ப நாந்தான் அம்மிணி ஸ்டூலைப் புடிச்சுட்டு நின்னேன்," என்றார் என்னைப் பார்த்து. "எவனோ சுண்ணாம்பு விக்கறவன் வெச்சிருக்கறான்னு நெனச்சேன். நாலு மணிக்கு அதோட நெழல்லதான் உக்காந்து டீ குடிச்சேன். பாலு போன்லயும் என்னமோ அனுப்பியிருந்தான். வெள்ளையா நின்னுது. படம் இன்னும் எறங்கலீன்னு மூடி வெச்சுட்டேன்."

அதைச் செய்தவள் நான்தான் என்பது என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஒரு வசைச் சொல்லும் வரவில்லை. ஊரையே வைகிற மனிதர்! வெற்றிலைப் பொட்டலத்தைப் படியில் வைத்துவிட்டு, "மூஞ்சி எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்.

"தூங்கறாப்புல இருந்துச்சுங்க மாமா."

"வாய் தொறந்திருந்துச்சா?"

"லேசா."

"ஆமா. லாரில அப்படித்தான் தூங்குவான். ஈ போயிருமடான்னு எத்தன தடவை சொல்லியிருக்கறேன்." அவர் சிரிக்க முயன்றார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை முழுவதுமாக மூடிக்கொண்டார்.

கருமாதிக்கு முதல்நாள், சாமான் வாங்கப் பொள்ளாச்சி போய்விட்டு அண்ணனோடு வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தேன். கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி வண்டி வளைந்ததும் அப்பா தெரிந்தார். ஒரு வீட்டு முகப்பளவுக்கு அப்பா. வானத்தில் இரண்டு புறாக்கள், பக்கத்தில் மெழுகுவத்தி, பின்னால் எந்த நாட்டினதென்று தெரியாத ஓர் அருவி, அதன்மேல் சூரியன். மஞ்சள் எழுத்துக்குச் சிவப்புக் கரை, சிவப்புக் கரைக்குக் கறுப்பு நிழல். தமிழில் ஒருமுறை, மலையாளத்தில் ஒருமுறை. அடியில் எங்கள் சொந்தபந்தம் அனைத்தும் பெயரும் படமுமாக நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. பொன்னுச்சாமி மாமா பெயர் எல்லாரையும் முந்திக்கொண்டு இருந்தது. கடைசியில், 'பிரிவால் வாடும் நண்பன்' என்று, தன் செலவில் அந்தப் பலகையைக் கட்டிய காதர் மாமா கைகூப்பி நின்றார்.

பழக்கத்தால் என் கண் குற்றங்களைத் தேடத் தொடங்கியது. மூச்சுவிட இடமில்லை. வண்ணங்கள் ஒன்றோடொன்று சண்டையிடுகின்றன. புறாவின் நிழல் ஒரு பக்கம், அப்பாவின் நிழல் மறுபக்கம். அதற்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை. சாலையில் போன பேருந்தின் சன்னலோரத்தில் இருந்தவர்களெல்லாம் தலையைத் திருப்பி அப்பாவைப் பார்த்துக்கொண்டு போனார்கள். ஒருவர் நெஞ்சில் கைவைத்தார். அண்ணன் வண்டியை ஓரங்கட்டினான். அப்பா இறந்துவிட்டார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அந்தச் சாலையோரத்தில், தேங்காய் மட்டைகளின் நடுவே அமர்ந்து, அத்தனை நாள்களுக்கும் சேர்த்து அழுதேன்.

வேலையில் நான் இப்போது ஓரளவு தேறிவிட்டேன். வீட்டில் அப்படி யாரும் நம்புவதில்லை. "நாஞ்செத்தா போர்டு மட்டும் அம்மிணிகிட்டக் குடுத்துப்போடாதீங்க. ஊருல பாதிப்பேரு நான் இன்னும் உசுரோட இருக்கறேன்னு கடன் கேட்டு வந்து நிப்பாங்க," என்று பொன்னுச்சாமி மாமா ஒவ்வொரு விருந்திலும் சொல்வார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

காதர் மாமா மட்டும் அதைச் சொல்லிச் சிரிப்பதில்லை. அவருக்கு வேறொரு வழக்கம் ஏற்பட்டுவிட்டது. எல்லையோரத்தில் சிக்னல் எப்போதும் தகராறுதான். யாராவது அவருக்கு அனுப்பிய படம், காலை வணக்கமோ தேங்காய் விலையோ, திறக்காமல் வெள்ளையாக நின்றுவிட்டால் உடனே எங்கள் வீட்டுக்கு அழைத்துவிடுவார்.

சென்ற வாரமும் அழைத்தார். அம்மாதான் எடுத்தாள்.

"அங்க எல்லாரும் இருக்கறீங்கள்ல?" என்று பதறிய குரல் எனக்கும் கேட்டது.

"இருக்கறமுங்கண்ணா," என்றாள் அம்மா. "எல்லாரும் இருக்கறமுங்க." அதன் பிறகும் இருவரும் தொலைபேசியை வைக்கவில்லை.