டிரம்முக்கு வயது கூட்டிய கதை

என் மச்சானை ஒருநாள் ஏமாற்றியே தீருவது என்று நான் முடிவு செய்து வெகு காலம் ஆகிறது. எனக்கு மறதி உண்டு. மூக்குக்கண்ணாடியை மறப்பேன், குடையை மறப்பேன். பட்ட அவமானத்தை மட்டும் மறந்ததில்லை.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். பழைய டிரம்களைச் சேர்த்து வைப்பவர். வீடு முழுக்கக் கண்ணாடிப் பெட்டி, பெட்டிக்குள் டிரம். அவர் வீட்டு விசேஷத்தின்போது ஒரு பெட்டி திறந்திருந்தது. ஆசையாக ஒரே ஒரு விரலால் தட்டினேன்.

“மாப்பிள்ளை! கையை எடுங்க! இது தொடுற சாமான் இல்ல!”

அத்தனை சொந்தக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள். சிலர் தங்கள் பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

சைக்கிள் கடையை மூடிவிட்டு வீட்டோடு இருக்க ஆரம்பித்ததும் நானும் ஒரு டிரம் வாங்கினேன். அடியில் கம்பிகள் ஓடும் ஸ்நேர் டிரம். தட்டினால் சரசரவென்று பேசும். தினமும் சாயங்காலம் பின்னறையில் உட்கார்ந்து அடிப்பேன். இந்த வீட்டில் என் சத்தம் மேலே நிற்கும் நேரம் அது ஒன்றுதான்.

என் மனைவி தையல்காரி. பின்னறை மேல் அவளுக்கு ஒரு கண்.

“ஏங்க, நான் எத்தனை நாளைக்கு அடுப்புப் பக்கத்துல மெஷினைப் போட்டுத் தைக்கிறது? ஊரார் சட்டையில எண்ணெய் தெறிக்குது. அந்த டிரம்மைக் கொடுத்துத் தொலைங்க.”

“அது ரொம்பப் பழைய டிரம். மதிப்புள்ளது.” வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன்.

“அப்படியா? அண்ணா வந்து பாக்கட்டும். பழசுன்னா வீட்டுல இருக்கட்டும். புதுசுன்னா பழைய சாமான் கடைக்குப் போகட்டும்.”

“அப்போ நான்?”

“நீங்க பழசுதானே. இருங்க.”

டிரம்முக்கு வயது பார்க்கும் வித்தையை மச்சான் யார் கேட்டாலும் சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார். திருகாணித் தலையில் கூட்டல் குறி வெட்டியிருந்தால் பின்னால் வந்த டிரம். ஒற்றைக் கோடு, அதாவது கழித்தல் குறி என்றால் முன்னால் வந்தது. கூட்டல் இருந்தால் வயது குறையும், கழித்தல் இருந்தால் வயது கூடும். கணக்குக்குப் பயந்து பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவன் நான். இந்தக் கணக்கு மட்டும் உடனே ஏறிவிட்டது. அடுத்தது பேட்ஜ், அதாவது டிரம்மின் பக்கவாட்டில் பதித்திருக்கும் கம்பெனித் தகடு. என் டிரம்மைச் செய்த கம்பெனிக்காரன் முதலில் வட்ட பேட்ஜ் அடித்தான், பிறகு முட்டை வடிவத்துக்கு மாறினான்.

என் டிரம்மில் கூட்டல் குறி. முட்டை பேட்ஜ்.

அதனால் என்ன? என் கடை டப்பாவில் ஒற்றைக் கோட்டுத் திருகாணி துருப்பிடித்துக் கிடந்தது. வட்ட பேட்ஜ், உடைந்த டிரம் ஒன்றிலிருந்து கிடைத்தது. மச்சான் வாயால் ‘பழசு’ என்று சொல்ல வேண்டும். டிரம் தங்கிவிடும். அவர் ஏமாந்ததை நினைத்து நினைத்துக் காலம் பூராவும் தனியாகச் சிரிக்கலாம்.

திருகாணிகளை மாற்றிவிட்டு முட்டை பேட்ஜைப் பெயர்த்தேன். டிரம் முழுக்க வெயில் பட்டு மங்கியிருக்க, பேட்ஜ் இருந்த இடம் மட்டும் பளிச்சென்று சிவப்பாக ஒரு முட்டை. வட்டத்தை மேலே வைத்தால் இரண்டு பக்கமும் முட்டையின் மூக்கு நீட்டிக்கொண்டு நின்றது.

“பிரவுன் ஷூ பாலிஷ் தடவுங்க.”

வாசற்படியில் என் மனைவி. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ!

“நீ... நீ எதைச் சொல்ற?”

“அந்தச் சிவப்பைத்தான். வெளுத்த துணிக்கும் புதுத் துணிக்கும் நிறம் சேர்த்தே என் காலம் போச்சு. லேசா தடவி, துணியால இழுங்க. அப்படி இல்ல, இப்படிக் கொடுங்க.”

அவளே தடவினாள். நிறம் அச்சாகச் சேர்ந்தது. எனக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. அவளுக்கும் அண்ணன் மேல் பழைய கோபம் ஏதோ இருக்கிறது போலும்!

ஞாயிற்றுக்கிழமை மச்சான் பூதக்கண்ணாடியோடு வந்தார்.

“ஒத்தைக் கோடு... ம்.” திருகித் திருகிப் பார்த்தார். “வட்ட பேட்ஜ்... ம்ம்.” பிறகு மூக்கை வைத்து மோந்தார்.

“மாப்பிள்ளை! தோல் வாசனை! அந்தக் காலத்துல தோல்தான் போர்த்துவாங்க. இன்னும் வாசனை போகல பாருங்க!”

என் ஷூவின் வாசனையை அவர் கண்ணை மூடி அனுபவித்தார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

“என்கிட்ட இருக்கிற எல்லாத்துக்கும் இது மூத்தது” என்று தீர்ப்புச் சொன்னார்.

பட்ட அவமானமெல்லாம் தீர்ந்தது. என் மனைவி டீயை நீட்டினாள். சர்க்கரை போதுமா என்று கேட்பது போலக் கேட்டாள்:

“அண்ணா, இவர் தினமும் சாயங்காலம் இதைப் போட்டு அடிக்கிறாரே, பரவாயில்லையா?”

மச்சான் நெஞ்சில் கையை வைத்தார். “அடிக்கிறீங்களா? குச்சியாலயா?”

“வேற எதால அடிப்பாங்க மச்சான்?”

“ஐயோ! இனிமே ஒரு விரல்கூடப் படக் கூடாது. பின்னறை ஈரம் வேற ஆகாது. நான் கண்ணாடிப் பெட்டி அனுப்புறேன், கூடத்துல வைங்க. பூட்டி, சாவியைத் தங்கச்சிகிட்ட கொடுத்துடுங்க.”

“இல்ல மச்சான், உண்மை என்னன்னா...”

“டிரம்மைப் பத்தி ஏதாவது சொல்லணுமாங்க?” என்றாள் என் மனைவி. சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். எதிர்ச்சாரியில் பழைய சாமான் கடை திறந்திருந்தது.

“டீ நல்லாயிருக்குன்னு சொல்ல வந்தேன்.”

இப்போது டிரம் கூடத்தில் பூட்டிய பெட்டிக்குள் இருக்கிறது. பின்னறையில் தையல் மெஷின் கடகடக்கிறது. நேற்றுச் சாயங்காலம் கை சும்மா இருக்காமல், காலி பிஸ்கட் டின்னை எடுத்து மடியில் வைத்து மெல்லத் தட்டினேன். மெஷின் நின்றது.

“என்னங்க, அந்த டின்னும் ரொம்பப் பழசாட்டம் தெரியுதே. அண்ணாவை வரச் சொல்லட்டுமா?”