அசையாத சீசா

கல்வியின் நலன் கருதி, ஒன்றாம் வகுப்பிலேயே இயந்திரவியல் கற்பிக்க வேண்டும் என்று மேலிடம் திருவுளம் கொண்டது. 'பல் முளைக்கையிலே பொறியாளர்' என்று திட்டத்துக்குப் பெயரும் வைத்தது. ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைகளுக்குப் பல் விழுந்துகொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய பள்ளியில், நெம்புகோல் பாடத்துக்காக, இரண்டு முனையிலும் பிள்ளைகள் உட்கார்ந்து ஏறி இறங்கி ஆடும் இரும்பு சீசா ஒன்று வந்து இறங்கியது. கல்வி அதிகாரி திறந்துவைக்கும்வரை யாரும் அதில் உட்காரக் கூடாது என்று உத்தரவு. ஷாலினி டீச்சர் சுற்றிலும் கயிறு கட்டினாள். அதிகாரி வருவதற்குள் மழைக்காலம் முடிந்து உப்பு வாரும் பருவமே வந்துவிட்டது. உப்புக்காத்து எந்த அதிகாரிக்காகக் காத்திருக்கும்? நடு அச்சு துருப்பிடித்து, பலகை மட்டமாக நின்றபடியே இறுகிப்போனது.

தினமும் பிள்ளைகள் கயிற்றுக்கு வெளியே நின்று அதையே பார்ப்பார்கள். ஷாலினி அதிகாரிக்கே போன் போட்டுக் கெஞ்சினாள்.

"கொஞ்சம் எண்ணெய் விடட்டுமா சார்? புள்ளைங்க ஆடட்டும்."

"கை வச்சீங்கன்னா மெமோதான்!"

ஒருவழியாக அதிகாரி தட்சணாமூர்த்தி வந்தார். நல்ல கனமான மனிதர். அவர் ஒரு முனையில் அமர, மறுமுனையில் ஒண்ணாங்கிளாஸ் தமிழ்நிலாவைத் தூக்கி உட்கார வைத்தார்கள். அவள் சுண்டெலி மாதிரி இருப்பாள். பலகை இம்மியும் அசையவில்லை.

"பாத்தீங்களா, இதான் சமநிலை!" என்றார் அதிகாரி.

"சார், அது துரு..."

"ஏம்மா, ரெண்டு பக்கமும் சமமா இருந்தாத்தானே மட்டமா நிக்கும்? நிக்குதா இல்லியா?"

"நிக்குதுங்க."

"அப்ப நானும் பாப்பாவும் ஒரே வெயிட்டு!"

டாக்டர் உடம்பைக் குறைக்கச் சொன்ன நாளிலிருந்து அவருக்கு இப்படியொரு நல்ல சேதி கிடைத்ததே இல்லை. எண்ணெய் விட்டால் சமநிலைக்குப் பங்கம் வரும் என்று அங்கேயே தடை விதித்தார். பள்ளிக்கு முதல் பரிசு அறிவித்தார். ஷாலினி ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் பொன்னாடை அவள் தோளில் விழுந்தது. வாயை மூடிக்கொண்டாள். பெற்றோர் கைதட்டியது பக்கிங்காம் கால்வாய் வரைக்கும் கேட்டிருக்கும்.

மறுநாள் தமிழ்நிலா ஒரு சின்ன பாட்டிலோடு வந்தாள்.

"அளத்துல இறங்குறப்ப அம்மா காலுக்குத் தடவுற எண்ணெய் டீச்சர். இத ஊத்துனா சீசா ஆடும்ல?"

ஷாலினி பாட்டிலை வாங்கி, பொன்னாடையில் சுற்றி, பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

"வேணாம்மா. அது ஆடுச்சுன்னா எங்க எல்லாரோட வெயிட்டும் தெரிஞ்சிபோயிடும்."