கிழங்கு டொக்டரின் ஸ்பெஷல் வார்ட்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. இப்போது மறதியும் சேர்ந்துவிட்டது. கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று நிச்சயம்: செத்த பூவுக்கு வைத்தியம் பார்த்த மனிதர் இந்த ரொறன்ரோவிலேயே ஒருவர்தான். அவர் எங்கள் மாடியில், என் பக்கத்து வீட்டில் இருந்தார்.

அவரைக் கிழங்கு டொக்டர் என்போம். ஊரில் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவராம். என்ன வேலை என்று கேட்டால் இருமுவார்.

வசந்தத்தில் சனம் ரியூலிப் பூச்சாடி வாங்கும். மண்ணுக்குள் வெங்காயம் மாதிரி இருக்கிற கிழங்கிலிருந்து முளைக்கிற பூ அது. பூ உதிர்ந்ததும் குப்பை அறையில் கொண்டுபோய் வைக்கும். டொக்டர் அதை மார்போடு அணைத்துத் தூக்கிவருவார். வாடிய பூவை மட்டும் கிள்ளுவார். இலையில் யாராவது கை வைத்தால் தொலைந்தது.

"இலை தானாப் பழுக்குமட்டும் வெட்டக்கூடாது. அதுதான் கிழங்குக்குச் சாப்பாடு. சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவன்ர கோப்பையை ஆரும் பறிப்பினமோ?"

எதிர்வீட்டு மனோன்மணி அக்கா சும்மா இருக்கமாட்டா. "உந்தக் கரிசனை மனிசியில இருந்திருந்தா, அந்த மனிசி இன்னும் கொஞ்சக்காலம் இருந்திருக்கும்," என்பா. அவர் காதில் விழும்படிதான் சொல்லுவா.

இலை பழுத்ததும் கிழங்கைப் பிடுங்கி, பழைய காலுறைகளுக்குள் போட்டு அலுமாரியில் தொங்கவிடுவார். உடுப்புக்கு அங்கே இடமில்லை. கோடை முழுக்க உடுப்பு மாற்றாமல் ஒரே சேட்டோடு திரிவார்.

இலையுதிர் காலத்தில் திரும்பச் சாடியில் ஊன்றுவார். அதற்குப் பிறகு கிழங்குக்கு மூன்று மாதத்துக்கு மேல் குளிர் வேண்டுமாம். பல்கனியில் விட்டால் சாடியோடு உறைந்து செத்துப்போகுமாம். ஆகவே பிரிட்ஜ். ஒரு வருஷம் அவருடைய பிரிட்ஜ் நிரம்பி, பால் யன்னல் கரைக்கு வந்துவிட்டது. மிஞ்சின ஒரு சாடியோடு என் கதவைத் தட்டினார்.

"தங்கச்சி, உது மகள் தந்தது. பூத்து முடிய எறியுங்கோ அப்பா எண்டிட்டுப் போனவள். வருஷத்தில ஒருக்காத்தான் வாறவள். அடுத்தமுறை வரேக்க இது பூத்திருக்கவேணும்."

"அண்ணை, என்ர பிரிட்ஜில..."

"என்ர பிரிட்ஜ் ஜெனரல் வார்ட். உங்கடதுதான் ஸ்பெஷல் வார்ட்."

எனக்கு இல்லை என்று சொல்ல வராது. சாடி கீழ்த்தட்டில் குடியேறியது. அன்றிலிருந்து என் வீட்டில் அப்பிள் இல்லை, வாழைப்பழம் இல்லை. பழத்தின் மூச்சுப் பட்டால் மொட்டுக் கருகுமாம். பிள்ளையாருக்கும் அந்தக் குளிர்காலம் முழுக்கக் கற்கண்டுதான்.

இடையில் பிரான்சில் அவருடைய சொந்தக்காரர் ஒருவர் இறந்துபோனார். கடவுளே இல்லை என்று வாதாடுகிற மனிதர், சாவுத் தீட்டு, துடக்கு என்பதை மட்டும் விடவில்லை. என் வீட்டில் சாமிப்படம் இருக்கிறதாம், உள்ளே வரமாட்டாராம். கொரிடோரில் நின்றபடியே வைத்தியம் நடந்தது.

"தங்கச்சி, மண்ணைத் தொட்டுப் பாருங்கோ. ஈரமோ?"

"ஓம் அண்ணை."

முளையின் நுனியை அவர் மூக்கு என்பார். "மூக்குத் தெரியுதோ?" என்று கத்தினார்.

"ஆரின்ர மூக்கு?" என்று மனோன்மணி அக்கா கதவைத் திறந்தா.

மாடியே சிரித்தது. நான் ஒரு கிழமை வெளியில் தலை காட்டவில்லை.

குளிர் முடிந்து சாடி அவருடைய யன்னலடிக்குப் போனது. இலைகள் தாராளமாக வந்தன. பூ ஒன்றே ஒன்று. அதுவும் காய்ச்சல்காரன் மாதிரித் தலை சாய்ந்து நின்றது. மகள் வந்த ஞாயிறு என்னையும் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டிருந்தார்.

மகள் கை நிறையப் பெரிய புதுச் சாடியோடு வந்தாள். முழுக்கச் சிவப்புப் பூ. டொக்டர் அதைப் பார்த்தார். பழைய சாடியைக் காலால் மெல்ல யன்னல் திரைக்குப் பின்னால் தள்ளினார்.

"நல்ல வடிவாயிருக்குப் பிள்ளை," என்றார். கட்டடம் முழுவதோடும் சண்டை பிடிக்கிற மனிதர், தேத்தண்ணி ஊற்றப் போனார்.

எனக்கு எங்கிருந்து துணிவு வந்ததோ தெரியாது. "பிள்ளை, உந்தத் திரைக்குப் பின்னால பாரும். நீர் போன வருஷம் குடுத்த சாடி. உம்மட அப்பா எறியேல்லை," என்றேன்.

மகள் திரையை விலக்கிவிட்டுக் குந்தினாள். "இதையா அப்பா இவ்வளவு நாளும்..." என்று தொடங்கினாள். சாய்ந்து நின்ற பூவை விரலால் நிமிர்த்திப் பிடித்தாள்.

டொக்டர் என்னைப் பார்த்து முறைத்தார். "திரையை மெல்ல இழுக்கச் சொல்லியிருக்கலாமெல்லோ. தண்டு முறிஞ்சிருக்கும்."

கோடை வர முதலே மகள் அவரை, ரொறன்ரோவிலிருந்து ஒரு மணித்தியால ஓட்டத்தில் இருக்கிற விட்பிக்கு, தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அங்கே கிழங்கை நிலத்திலேயே ஊன்றலாமாம். எங்கள் மாடியில் இப்போது சத்தமில்லை. மனோன்மணி அக்காவும் கதவைத் திறப்பது குறைவு.

இலை, குளிர், மாதக் கணக்கு என்று நான் எழுதியதில் பிழை இருக்கும். தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்திவிடுங்கள். விட்பியில் இருப்பவர்கள் அவரிடமே காட்டினால் இன்னும் நல்லது. பிழை கண்டால் அவர் பேசாமல் இருக்கமாட்டார். நேரில் வந்துதான் சொல்லுவார்.